மனிதன் விண்வெளிக்குச் செல்லத்தான் வேண்டுமா?

2025ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் அமெரிக்காவின் பிளாரிடாக் கடற்கரையிலிருந்து எழும்பிய ஒரு ராக்கெட்டு, லக்னௌ நகரில் பிறந்த சுபான்ஷு சுக்லா என்னும் நம் விமானப்படை அதிகாரியையும் வேறு மூவரையும் சுமந்து சென்றது. மறுநாள் அவர்கள் சர்வதேச விண்வெளி நிலையத்தை அடைந்தனர். 1984ஆம் ஆண்டில் ராகேஷ் சர்மா சோவியத் கலத்தில் ஏறிச் சென்றதன் பின், நாற்பத்தோர் ஆண்டுகள் கழித்து, இந்தியக் குடிமகன் ஒருவர் மீண்டும் பூமியின் சுற்றுப்பாதையை எட்டினார். ஜூலை 15ஆம் நாள் அவர் பத்திரமாகத் திரும்பினார். அச்செய்தி கேட்டு மகிழாதார் நம்மில் எவருமிலர்.

ஆயினும், மகிழ்ச்சியின் ஆரவாரம் அடங்கிய பின், பலர் உள்ளத்திலும் ஒரு கேள்வி எழுந்திருக்கும். குடிக்கக் கூழில்லையாம், கொப்புளிக்கப் பன்னீராம் என்று நம் பக்கத்தில் ஒரு பழமொழி உண்டு. மருத்துவமனையில் படுக்கை கிடைக்காதவர்களும், கூரையில்லாப் பள்ளியில் படிக்கும் சிறுவர்களும் உள்ள ஒரு நாடு, இரண்டு மூன்று பேரைச் சில நாட்கள் வானத்தில் வைத்திருப்பதற்காகப் பல்லாயிரம் கோடி ரூபாயைச் செலவிடலாமா? அவர்கள் உயிருக்கும் ஆபத்து நேரக்கூடும் என்று அறிந்திருந்தும் அவர்களை அனுப்பலாமா? யந்திரங்களே இன்று சந்திரனில் இறங்குகின்றனவே, மனிதன் எதற்கு?

இக்கேள்வியை விஞ்ஞான அறிவு இல்லாதவர் கேட்கும் கேள்வி என்று ஒதுக்கிவிடுவது தவறு. இந்தியாவின் விண்வெளி முயற்சிக்கு வித்திட்டவரே இக்கேள்வியை எழுப்பிப் பார்த்தவர் என்பதை முதலில் நினைவுகூர்வோம்.

1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள், திருவனந்தபுரத்துக்கு அருகிலுள்ள தும்பா என்னும் மீனவர் சிற்றூரிலிருந்து நம் நாட்டின் முதல் ராக்கெட்டு ஏவப்பெற்றது. ராக்கெட்டும் நம்முடையதன்று, அமெரிக்கா அளித்தது. அவ்வூர் மாதா கோயிலே அலுவலகமாயிற்று. ராக்கெட்டின் உறுப்பு ஒன்றைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுசெல்லும் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த முயற்சியின் தலைவரான டாக்டர் விக்ரம் சாராபாய், ஏழை நாட்டுக்கு இது எதற்கு என்று கேட்டவர்களுக்கு அறுபதுகளிலேயே தெளிவான விடை அளித்தார். சந்திரனையோ கிரகங்களையோ ஆராய்வதிலும், மனிதனை விண்வெளிக்கு அனுப்புவதிலும் செல்வ நாடுகளோடு போட்டியிடும் எண்ணம் நமக்கு இல்லை. ஆனால் முன்னேறிய தொழில் நுட்பங்களை நம் மக்களின் உண்மையான பிரச்சினைகளுக்குப் பயன்படுத்துவதில் நாம் எவருக்கும் பின்தங்கலாகாது என்பது அவர் கருத்து.

அக்கொள்கை வெறும் பேச்சாக நின்றுவிடவில்லை. 1975–76ஆம் ஆண்டுகளில் அமெரிக்கச் செயற்கைக் கோள் ஒன்றின் வாயிலாக ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு வேளாண்மை, சுகாதாரம், கல்வி ஆகியவை பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் ஒலி, ஒளி பரப்பப்பெற்றன. பின்னர் நம் சொந்தச் செயற்கைக் கோள்கள் வந்தன. 1999ஆம் ஆண்டில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழப் பதினாயிரம் பேர் மாண்டனர். 2013ஆம் ஆண்டு அக்டோபரில் அதே கரையை மற்றொரு கடும்புயல் தாக்கியபோது, உயிரிழந்தோர் தொகை சில பத்துகளோடு நின்றது. ஏறத்தாழப் பத்து லட்சம் மக்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தியதே அதற்குக் காரணம். நிர்வாகத்தின் திறமையும் புகலிடங்களும் பெரும்பங்கு ஆற்றின என்பது உண்மை. ஆயினும், புயல் எங்கே, எப்பொழுது கரை கடக்கும் என்று நான்கைந்து நாட்களுக்கு முன்னரே சொல்ல வானிலிருந்து பார்க்கும் கண் தேவை. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நாம் வீட்டுக் கூடத்திலிருந்தே தமிழ் நிகழ்ச்சிகளைக் காண்பதும் இந்த முயற்சியின் பயனே.

ஆகவே, விண்வெளி ஆராய்ச்சி வேண்டுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. நம் முன் உள்ள கேள்வி அதனினும் குறுகியது: மனிதன் செல்லத்தான் வேண்டுமா? சாராபாய் வேண்டாமென்று ஒதுக்கிய அதனை நாம் இப்போது மேற்கொள்வது சரியா?

முதலில் செலவைப் பார்ப்போம்.

நம் நாட்டு ராக்கெட்டில், நம் நாட்டுக் கலத்தில், நம் வீரர்களை அனுப்பும் திட்டத்துக்கு ககன்யான் என்று பெயர். 2018ஆம் ஆண்டில் இதற்கு ஒதுக்கப்பட்ட தொகை 9,023 கோடி ரூபாய். 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் திட்டம் விரிவாக்கப்பட்டு, சொந்த விண்வெளி நிலையத்தின் முதற் பகுதியும் அதனுள் சேர்க்கப்பட்டபோது, அத்தொகை 20,193 கோடியாக உயர்ந்தது. 140 கோடி மக்களுக்கு இதனைப் பகிர்ந்தால் தலைக்கு 144 ரூபாய். பத்தாண்டுகளுக்கு என்றால் ஆண்டுக்கு 14 ரூபாய். 2025–26ஆம் ஆண்டு மத்திய அரசின் வரவு செலவுத் திட்டத்தில் மொத்தச் செலவு ஏறத்தாழ 50 லட்சத்து 65 ஆயிரம் கோடி; அதில் விண்வெளித் துறை முழுவதற்கும் ஒதுக்கியது 13,416 கோடி. அதாவது நூறு ரூபாயில் ஏறக்குறைய 26 காசு. இதனை நிறுத்திவிட்டால் வறுமை நீங்கிவிடும் என்பது கணக்குக்கு ஒவ்வாது.

ஆனால் இவ்விடத்தில் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்ளலாகாது. எந்தச் செலவையும் 140 கோடியால் வகுத்தால் அது சிறிதாகத்தான் தோன்றும். நேர்மையான ஒப்பீடு வேறு. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் சந்திரனின் தென்துருவத்துக்கு அருகில் இறங்கி உலகையே வியக்கவைத்த சந்திரயான்–3க்கு ஆன செலவு சுமார் 615 கோடி. ககன்யானுக்கு ஒதுக்கிய தொகையில் அத்தகைய பயணங்கள் முப்பதுக்கு மேல் நடத்தலாம். மருத்துவமனையா, ராக்கெட்டா என்பதைக் காட்டிலும், மனிதப் பயணத் திட்டம் ஒன்றா, யந்திரப் பயணங்கள் முப்பதா என்பதே விஞ்ஞானிகளை உண்மையாகவே உறுத்தும் கேள்வி.

மனிதன் செல்வதற்கு மட்டும் இத்தனை செலவு ஏன் ஆகிறது?

காரணம் நம் உடலே. யந்திரத்துக்கு மூச்சு வேண்டாம், பசி இல்லை, வீடு திரும்பும் விருப்பமும் இல்லை. மனிதனுக்கோ நாளொன்றுக்கு முக்கால் கிலோவுக்கு மேற்பட்ட பிராணவாயு வேண்டும். அவன் வெளிவிடும் கரியமில வாயுவை இடைவிடாமல் அகற்ற வேண்டும். காற்றின் அழுத்தமும் வெப்பமும் ஈரமும் ஒரு சிறு வரம்புக்குள் நிற்க வேண்டும். இவையெல்லாம் தவறாமல் நடந்தாலும், பூமியின் ஈர்ப்பை உணராத நிலையில் உடல் மெலிகிறது. இடுப்பு, தொடை போன்ற எலும்புகள் மாதத்துக்கு நூற்றில் ஒரு பங்கு அளவு அடர்த்தியை இழக்கின்றன.

இவற்றுக்கெல்லாம் மேலாக, போனவன் திரும்பி வர வேண்டும். 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றும் கலம் மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. அவ்வேகம் முழுவதையும் காற்று மண்டலத்தில் உராய்ந்து இழந்தாலன்றி அது தரை சேர இயலாது. அப்பொழுது அதன் வெளிப்புறம் 1,500 டிகிரிக்கு மேல் கொதிக்கும். ஓர் அடி உள்ளே மனிதன் அமர்ந்திருப்பான். பின்னர் பாராசூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக விரிய வேண்டும். ககன்யான் கலத்தில் இவை பத்து.

ராக்கெட்டையும் மனிதனுக்கு ஏற்றதாக ஆக்க வேண்டும். சரக்கை ஏற்றும் லாரிக்குள்ள பரிசோதனை, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வண்டிக்குப் போதாதல்லவா? நெல்லைச் சீமையின் மகேந்திரகிரியில், இத்திட்டத்துக்கான கடுங்குளிர் எரிபொருள் எஞ்சினைப் பல்வேறு நிலைமைகளில் 39 முறை எரித்துப் பார்த்தார்கள். 6,350 விநாடிகள் எரித்தால் போதும் என்ற விதி இருந்தும், 8,810 விநாடிகள் எரித்துப் பார்த்த பின்னரே, 2024ஆம் ஆண்டில் அது மனிதப் பயணத்துக்குத் தகுதி பெற்றது. இன்னோர் ஏற்பாடும் உண்டு. ராக்கெட்டு புறப்படும்போதே பழுதுபட்டால், வீரர்கள் இருக்கும் கூண்டை மட்டும் பிய்த்துக்கொண்டு அப்பால் பறக்கும் தப்பிக்கும் அமைப்பு அது. 1983ஆம் ஆண்டு செப்டம்பரில், ஏவுமேடையிலேயே தீப்பற்றிய சோவியத் ராக்கெட்டிலிருந்து இருவர் இவ்வாறு சில விநாடிகளில் உயிர் தப்பினர். 2018ஆம் ஆண்டிலும், நடுவானில் பழுதுற்ற ரஷ்ய ராக்கெட்டிலிருந்து இருவர் பிழைத்தனர். பயன்படவே கூடாது என்று வேண்டிக்கொண்டு செய்யும் பொருளுக்கு ஆகும் செலவு இது.

இவ்வளவு செலவிட்டு மனிதனை அனுப்புவதால், யந்திரம் செய்யாத எதனை அவன் செய்துவிடுகிறான்?

இதற்கு வரலாறே சான்று கூறட்டும். 1969 முதல் 1972 வரை அமெரிக்கர் பன்னிருவர் சந்திரனில் நடந்தனர். அப்பல்லோத் திட்டத்துக்கு அக்காலத்து மதிப்பில் ஏறத்தாழ 2,500 கோடி டாலர் செலவாயிற்று. அவர்கள் கொண்டுவந்த கல்லும் மண்ணும் 382 கிலோ. ஏறத்தாழ அதே காலத்தில் சோவியத் நாடு மூன்று யந்திரங்களை அனுப்பி, ஆள் இல்லாமலே சந்திர மண்ணைக் கொண்டுவந்தது. மூன்றும் சேர்ந்து கொணர்ந்தது சுமார் 300 கிராம். 1973ஆம் ஆண்டில் சோவியத் யந்திர வண்டியொன்று சந்திரனில் 39 கிலோமீட்டர் ஊர்ந்தது. அதற்கு நான்கு மாதங்கள் ஆயின. அதற்குச் சற்று முன், 1972 டிசம்பரில், அப்பல்லோ–17இன் வீரர்கள் இருவர் மூன்றே நாட்களில் 35 கிலோமீட்டர் வண்டியோட்டினர். அவர்களுள் ஹாரிசன் ஷ்மிட் என்பவர் மண்ணியல் அறிஞர். சாம்பல் நிறப் பரப்பில் ஓரிடத்தில் ஆரஞ்சு நிற மண் கிடப்பதைக் கண்டு நின்று அள்ளினார். அது பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலை கக்கிய கண்ணாடித் துளிகள் என்பது பின்னர்த் தெரியவந்தது. பயிற்சி பெற்ற கண், எதிர்பாராததைக் கண்டவுடன் நின்றுவிடும். அதுவே மனிதனின் பெருமை.

மற்றொரு சான்று ஹப்பிள் தொலைநோக்கி. 1990ஆம் ஆண்டில் அதனை வானில் நிறுத்திய பின்னரே, அதன் பெரிய ஆடியின் வடிவில் மிகச் சிறிய பிழை இருப்பது தெரியவந்தது. 1993ஆம் ஆண்டு டிசம்பரில் எழுவர் சென்று, கண் மங்கியவருக்கு மூக்குக் கண்ணாடி பொருத்துவது போல் அதனைத் திருத்தினர். அதன் பின் அது கண்டு கூறியவை வானியலையே மாற்றின.

எதிர்த்தரப்பின் வாதமும் வலிவுடையதே. இச்சான்றுகளுட் பல ஐம்பது ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அன்றைய யந்திரம் குருடு. இன்றைய யந்திரத்துக்குக் கண்ணும் ஓரளவு அறிவும் வந்துவிட்டன. செவ்வாயில் உலவும் வண்டிகள் எல்லாம் யந்திரங்களே. அங்கே இதுவரை ஒரு மனிதனும் கால் வைத்ததில்லை. சந்திரனில் நீரின் கூறு இருப்பதைக் கண்டறிய உதவிய நம் சந்திரயான்–1 ஆளில்லாக் கலந்தான். விஞ்ஞான உண்மைகளை அறிவது ஒன்றே நோக்கமென்றால், பெரும்பாலான வேலைக்கு யந்திரமே போதும், மலிவும் கூட, என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி, செலவினும் பெரிதான ஆபத்தைப் பற்றிச் சிந்திப்போம்.

இதுவரை விண்வெளிப் பயணம் சென்றவர் ஏறத்தாழ 600 பேருக்கு மேல். சுற்றுப்பாதைப் பயணங்களின்போது நேர்ந்த நான்கு விபத்துகளில் 18 பேர் மாண்டனர். 1967இல் பாராசூட்டு விரியாமல் ஒருவர். 1971இல் கலத்தின் காற்று கசிந்து மூவர். 1986இல் சேலஞ்சரில் எழுவர். 2003இல் கொலம்பியாவில் எழுவர். இவர்களேயன்றி, 1967இல் தரையில் பயிற்சியின்போதே கலத்துக்குள் தீப்பற்றி மாண்டவர் மூவர். வேறு எந்தத் தொழிலிலும் இந்த விகிதத்தை நாம் பொறுத்துக்கொள்ள மாட்டோம்.

ஆயினும், எண்ணிக்கையைவிட இவ்விபத்துகளின் காரணமே நம்மை அதிகம் சிந்திக்கவைப்பது.

சேலஞ்சர் 1986ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் புறப்பட்ட 73ஆம் விநாடியில் சிதறியது. அதன் பக்க ராக்கெட்டின் மூட்டில் இருந்த ரப்பர் வளையம் கடுங்குளிரில் விறைத்துப் போய், வெப்ப வாயுவை அடைக்கத் தவறியது. இது எவரும் அறியாத குறையன்று. குளிரில் ஏவ வேண்டாம் என்று முதல் நாள் இரவே அந்த ராக்கெட்டைச் செய்த எஞ்சினீயர்கள் எச்சரித்தனர். மேலிடம் அதனை ஏற்கவில்லை. விசாரணைக் குழுவில் இருந்த ரிச்சர்டு பெயின்மன் என்னும் பௌதிக அறிஞர், விபத்து நேரும் வாய்ப்பு எவ்வளவு என்று பலரிடம் கேட்டறிந்தார். எஞ்சினீயர்கள் நூறில் ஒன்று என்றனர். நிர்வாகிகளின் மதிப்போ லட்சத்தில் ஒன்று. லட்சத்தில் ஒன்று என்றால், நாள்தோறும் ஒரு கலம் ஏவினாலும் 270 ஆண்டுகளுக்கு ஒரு விபத்துதான் நேர வேண்டும். அக்கலங்கள் பறந்தது மொத்தம் 135 முறை; இழந்தது இரண்டு. யார் கணக்கு சரியென்று சொல்ல வேண்டுவதில்லை.

இரண்டாவதாக இழந்த கலம் கொலம்பியா. அதில் ஹரியானாவின் கர்னால் நகரில் பிறந்த கல்பனா சாவ்லா இருந்தார். 2003ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் புறப்பட்டபோது, எரிபொருள் தொட்டியின் மேல் பூசிய நுரைப் பொருளில் ஒரு துண்டு, எடையில் ஒரு கிலோவும் இராதது, பெயர்ந்து இடது இறக்கையின் முனையில் மோதியது. பழுது எவ்வளவு என்பதை வானிலேயே படமெடுத்துப் பார்க்க வேண்டுமென்று சில எஞ்சினீயர்கள் கேட்டனர். நுரை பெயர்வது வழக்கந்தானே என்று அது கைவிடப்பட்டது. பதினாறு நாள் வேலையை முடித்துப் பிப்ரவரி முதல் நாள் திரும்புகையில், தரையிறங்கப் பதினாறு நிமிடங்கள் இருக்கும்போது, அந்தத் துளை வழியே வெப்பம் புகுந்து கலம் சிதைந்தது.

இவ்விரண்டிலும் மனிதனைக் கொன்றது விண்வெளி அன்று. ஒரு முறை தப்பினால் மறு முறையும் தப்பலாம் என்ற பழக்கமும், குறித்த நாளைத் தவறவிடலாகாது என்ற அவசரமும், கீழிருப்பவன் சொல்லும் கெட்ட செய்தியைக் கேட்க மனமின்மையுமே கொன்றன. இதற்கு மாறான உதாரணமும் உண்டு. 2024ஆம் ஆண்டு ஜூனில் எட்டு நாள் பயணமென்று சென்ற சுனிதா வில்லியம்ஸும் அவருடைய தோழரும், தாங்கள் சென்ற புதுக் கலத்தில் கோளாறுகள் காணப்பட்டமையால், ஒன்பது மாதங்கள் நிலையத்திலேயே தங்கினர். கலத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பிவிட்டு, 2025 மார்ச்சில் வேறு கலத்தில் அவர்களை அழைத்துவந்தார்கள். உலகம் நகைத்தது; ஆனால் இருவரும் உயிரோடு வீடு சேர்ந்தனர். இழந்த எழுவர் கற்பித்த பாடத்தின் பயன் அது.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்து நாம் என்ன முடிவுக்கு வருவது?

சில வாதங்களை முதலில் தள்ளிவிடலாம். விண்வெளி ஆராய்ச்சியால் வீட்டுக்குப் பயன்படும் பொருள்கள் கிடைத்தன என்பர். அவை உண்மையானாலும், அப்பொருள்களை நேரே ஆராய்ந்திருந்தால் குறைந்த செலவில் கிடைத்திருக்கும். சமையல் பாத்திரத்தில் ஒட்டாமலிருக்கப் பூசும் டெஃப்லான் விண்வெளி தந்த கொடை என்று சொல்வதும் தவறு. அது 1938ஆம் ஆண்டிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. நாட்டின் பெருமை என்பதும் ஒரு வாதம். சோவியத் நாடு, அமெரிக்கா, சீனா ஆகிய மூன்றே நாடுகள் சொந்த முயற்சியால் மனிதனை அனுப்பியுள்ளன. நான்காவதாக நாம் ஆவது பெருமைதான். ஆனால் பெருமைக்காக ஓர் உயிரைப் பணயம் வைக்க எவருக்கும் உரிமையில்லை. பெருமை ஒன்றே நோக்கமானால் அவசரமும் கூடவே வரும். அவசரம் எங்கே கொண்டுவிடும் என்று மேலே கண்டோம்.

தள்ள முடியாதவை இரண்டு. ஒன்று, மனித உடல் விண்வெளியில் என்னவாகிறது, அங்கே பயிர் முளைக்குமா, பழுது பார்க்க இயலுமா என்பனவற்றை மனிதன் சென்றாலன்றி முழுமையாக அறிய முடியாது. சுபான்ஷு சுக்லா அங்கே வெந்தயத்தையும் பாசிப்பயற்றையும் முளைக்கவைத்துப் பார்த்தது விளையாட்டன்று. பிற்காலத்தில் மனிதர் நெடுநாள் அங்கே தங்குவாரெனின், அதற்கு வேண்டிய அறிவை இன்று தேடாதவர்கள் அன்று பிறர் கலத்தில் கூலி கொடுத்து இடம் கேட்டு நிற்பார்கள்.

இரண்டாவது, இவ்வளவு கண்டிப்பான தரத்தில் வேலை செய்யப் பழகும் ஒரு தொழிற்கூட்டம் நாட்டுக்குக் கிடைக்கிறது. ஓர் உயிர் தன் கையிலிருக்கிறது என்று அறிந்து திருகாணியை முடுக்குபவன், அறியாமல் முடுக்குபவனைவிட நன்றாக முடுக்குவான். அப்பழக்கம் அவன் செய்யும் வேறு வேலைகளிலும் படியும்.

ஆகவே என் முடிபு இது. மனிதனை அனுப்புவது தகும். ஆனால் மூன்று நிபந்தனைகளுக்கு உட்பட்டே தகும்.

முதலாவது, புயலைக் காட்டும் கண்ணும், மீனவனுக்கு வழி சொல்லும் குரலும், சந்திரனை ஆராயும் யந்திரமும் இதனால் பட்டினி கிடக்கலாகாது. சாராபாயின் சொல்லை நாம் மீறிவிட்டோம் என்பதினும், அவர் முதலில் செய்யச் சொன்னதைச் செய்த பின்னரே இதற்கு வந்தோம் என்று சொல்லும் நிலை எப்போதும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, நாள் குறிப்பதில் அவசரம் கூடாது. 2022ஆம் ஆண்டுக்குள் நம் வீரர் செல்வார் என்று 2018இல் அறிவித்தோம், அது நிறைவேறவில்லை. இதில் வெட்கம் ஏதுமில்லை. 2023ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவில் தப்பிக்கும் அமைப்பைச் சோதித்தபோது, புறப்பட ஐந்து விநாடிகள் இருக்கையில் கணிப்பொறி ஏதோ ஐயுற்று நிறுத்திவிட்டது. காரணத்தைக் கண்டு களைந்த பின்னரே அன்று காலையே ஏவினர். கூண்டு கடலில் பத்திரமாக இறங்கியது. சுக்லாவின் பயணமும், ராக்கெட்டில் திரவப் பிராணவாயு கசிந்தமை உள்ளிட்ட காரணங்களால், பல முறை தள்ளிப்போயிற்று. தள்ளிப்போன ஒவ்வொரு நாளையும் தோல்வியாக எண்ணாமல், செலுத்திய காப்புறுதிப் பணமாக நாம் எண்ணிப் பழக வேண்டும். பத்திரிகைகளுக்கும் பொதுமக்களாகிய நமக்கும் இதில் பொறுப்பு உண்டு. ஏன் தாமதம் என்று நாம் அதட்டினால், அங்கே ஒருவர் எச்சரிக்கையை விழுங்கிவிடக்கூடும்.

மூன்றாவது, ஆபத்தின் அளவை நாட்டுக்கு மறையாமல் சொல்ல வேண்டும். செல்பவர் அதனை அறிந்தே செல்கிறார். ககன்யானுக்குத் தேர்ந்த நான்கு விமானிகளின் பெயர்கள் 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டன. அவர்களுள் ஒருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். அந்நால்வரும் போர் விமானங்களை ஓட்டியவர்கள். ஆபத்து இன்னதென்று அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டுவதில்லை. அனுப்புகின்ற நாமும் அறிந்தே அனுப்ப வேண்டும் என்பதே நியாயம். அறியாமல் கைதட்டுவது அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது.

நேயர்களே, சொந்த ஊரை விட்டு வெளி மாநிலம் வந்து வாழும் நமக்கு, புறப்பாடு என்பதன் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை. முதன்முதலாக ரயில் ஏறிய நாளில், போய்த்தான் ஆகவேண்டுமா என்று கேட்ட பெரியவர் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தார். அவர் கேட்டது தவறன்று. போனவரும் கணக்குப் பார்த்தே போனார். ஆயினும் கணக்கு மட்டும் பார்த்துப் போகவில்லை. கேட்பவரும் வேண்டும், போகிறவரும் வேண்டும். கேட்பவர் இல்லாத வீட்டில் போகிறவர் வழி தவறுவார். போகிறவர் இல்லாத வீடு நின்ற இடத்திலேயே நின்றுவிடும்.

முடிவாக ஒன்று. 2002ஆம் ஆண்டு செப்டம்பரில் நம் நாடு வானிலையை அறிவதற்கென்று ஒரு செயற்கைக் கோளை ஏவியது. கொலம்பியா விபத்து நேர்ந்த சில நாட்களில், அதற்குக் கல்பனா–1 என்று பெயர் மாற்றிச் சூட்டினார்கள். விண்வெளிக்குச் சென்று திரும்பாத ஒரு பெண்ணின் பெயர், மேகத்தையும் மழையையும் பார்த்து உழவனுக்கும் மீனவனுக்கும் உதவிய ஒரு கருவியில் பல்லாண்டுகள் நிலைத்திருந்தது. மேலே செல்லும் துணிவும் கீழே இருப்போர்பால் அக்கறையும் ஒன்றுக்கொன்று பகையாக இருக்க வேண்டுவதில்லை என்பதற்கு இதனினும் நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் கைவிடாத வரையில், நம் செலவு வீணாகாது.